ஆட்டம் அவர்களுடையது, ஆடுவது யார்?



வீடியோ கேம் ஆடுவதைப் பதிவு செய்து யூடியூபில் போட்டுச் சம்பாதிப்பவர்களை, அடுத்தவர் சொத்தில் பிழைப்பவர்கள் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. 2013-இல் நின்டெண்டோ நிறுவனம் இத்தகைய காணொளிகளின் விளம்பர வருமானத்துக்கு உரிமை கோரியது. 2015-இல் ஒரு பங்கீட்டுத் திட்டம் வந்தது. யூடியூப் தன் பங்கை எடுத்ததுபோக மிஞ்சுவதில் ஆடியவருக்குத் தனிக் காணொளி என்றால் 60 சதவீதம், சேனலையே பதிவு செய்தால் 70 சதவீதம். ஆனால் அப்படிப் பதிந்த சேனலில் வேறு நிறுவனத்தின் ஆட்டம் எதுவும் இருக்கக் கூடாதாம்! 2018 கடைசியில் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்து, சொந்தக் கருத்தோ படைப்போ சேர்த்தால் யூடியூப் வழியே சம்பாதிக்கலாம் என்றார்கள். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

நின்டெண்டோ ஆட்டத்தின் நாயகன் மாரியோ பள்ளத்தைத் தாண்டுவதை எத்தனை முறை பார்த்தாலும், நாம் ஆடும்போது நம் விரல்தான் தாண்டியாக வேண்டும். பார்த்தவனுக்கு வாங்கத்தான் தோன்றும்.

கதையே உயிரான ஆட்டங்கள் வேறு ரகம். முடிவு உட்பட எல்லாவற்றையும் காட்டிவிட்டால் வாங்க என்ன மிச்சம்? 'ஸ்டெயின்ஸ் கேட்' வரிசை ஆட்டம் ஒன்றை அப்படிப் பதிவேற்றியவருக்கு (அனிமே சுருக்கங்களும் அவ்வழக்கில் உண்டு) 2023-இல் ஜப்பானின் செண்டாய் மாவட்ட நீதிமன்றம் நிறுத்திவைக்கப்பட்ட 2 ஆண்டு சிறையும் 10 லட்சம் யென் அபராதமும் விதித்தது. சிறை அதிகம்தான், ஆனால் வெளியீட்டாளரின் கோபம் நியாயமானது.

எதுவரை காட்டலாம் என்பதை ஆட்டத்தை விற்கும்போதே நிறுவனங்கள் சொல்லிவிடட்டும். காணொளி லட்சம் பேரை எட்டிய பிறகு பங்கு கேட்டு வருவது முறையல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்