தலைமன்னார்த் துறையும் உலக மரபுரிமையும்

மரபுரிமை என்பது மன்னர் எழுப்பிய கற்களுக்கு மட்டுமே உரிய பெயரா? உழைக்க வந்த மக்கள் கால்பதித்த கரைக்கு அப்பெயர் பொருந்தாதா? யுனெஸ்கோ 1972 இல் ஏற்றுக்கொண்ட உலக மரபுரிமைச் சாசனம் அக்கரைக்கும் இடமளிக்கின்றது. இடமளிக்காதோர் உள்ளூரிலேயே உள்ளனர்.

உலக மரபுரிமைப் பட்டியலில் இலங்கைக்கு எட்டு இடங்கள் உண்டு. இயற்கை சார்ந்த இரண்டு நீங்க, எஞ்சியவை அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா, தம்புள்ளை, கண்டி, காலி என்பன. இவற்றின் பெருமையை மறுப்பார் இலர். ஆயினும் அரசிருக்கைகளும் வழிபாட்டிடங்களும் ஐரோப்பியர் கோட்டையும் இடம்பெற்ற அப்பட்டியலில், நாட்டின் பொருளாதாரத்தைத் தோளிற் சுமந்த தோட்டத் தொழிலாளரின் வரலாற்றைக் கூறும் இடம் ஒன்றேனும் இல்லை.

அவ்வரலாற்றின் வாயில் தலைமன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்தோர், காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியும் வாந்திபேதியும் பலரை வழியிலேயே மாய்த்தன. 1914 இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற்சேவையும் புகையிரதப் பாதையும் வந்தன. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவ்வாண்டு டிசம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரம் சென்ற கப்பலில், பாட்டன் வந்திறங்கிய துறையிலேயே பேரன் ஏறி நாடு நீங்கினான். 1980களில் போர் அச்சேவையையும் நிறுத்தியது. பழைய இறங்குதுறை இன்று சிதைந்து கிடக்கின்றது.

துருப்பிடித்த இரும்பில் என்ன கலையுண்டு எனக் கேட்போர் மொறீசியஸ் தீவை நோக்குக. போட் லூயிஸ் நகரின் அப்பிரவாசி காட் என்னும் துறை வழியாக 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கினர். அங்கு எஞ்சியவை சில கற்கட்டடங்களும் பதினாறு படிகளுமே. சிற்பமில்லை, கோபுரமில்லை. எனினும் 2006 இல் அது உலக மரபுரிமையாயிற்று. தொழிலாளரின் வழித்தோன்றல்களை மதித்த ஓர் அரசு அதனை முன்மொழிந்தமையே காரணம். அரசு முன்மொழியாத எதனையும் யுனெஸ்கோ தானாகப் பட்டியலிற் சேர்ப்பதில்லை.

இலங்கையின் நிலை யாது? 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 இற்கு முற்பட்டவற்றையே தொல்பொருளாக வரையறுத்தது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். தோட்டத் தொழிலாளரின் வரலாறோ அந்நாளின் பின்னரே தொடங்குகின்றது. ஆகவே அவர்தம் சுவடுகள் அனைத்தும் அவ்வரையறைக்கு வெளியே நிற்கின்றன. அரசர் ஆட்சி முடிந்த நாளோடு வரலாறும் முடிந்துவிட்டதோ?

குற்றம் அரசினது மட்டுமன்று. மாதோட்டத்தின் பண்டை வணிகச் சிறப்பைப் பக்கம் பக்கமாக எழுதும் தமிழ் ஆய்வாளர், அதன் அண்டையிலுள்ள இத்துறையை எத்துணை எழுதினர்? பழம்பெருமை இனிக்கின்றது, கூலியின் கதை கூசச்செய்கின்றது போலும்! 2023 இல் மலையக மக்கள் தம் இருநூறாண்டு வரலாற்றை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். ஆய்வுலகம் மறந்த பாதையை மக்களின் கால்கள் மறக்கவில்லை.

துறையை அளந்து பதிவுசெய்தல், நடைவழியை வரைபடமாக்குதல், முதியோரின் நினைவுகளைத் தொகுத்தல் ஆகியன பல்கலைக்கழகங்களின் கடமை. துறையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பிரகடனஞ்செய்து உலக அரங்கில் முன்மொழிதல் அரசின் கடமை. இரும்பு காத்திராது, உப்புக்காற்று நாளும் அதனை அரித்துக்கொண்டிருக்கின்றது.