நீலகிரியின் நெய்யும் தேனும்

சித்திரை பிறந்துவிட்டால் போதும். சமவெளியில் வெயில் கொளுத்தும். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் உதகைக்குப் புறப்பட்டு விடுவார்கள்.

மே மாதம் உதகை தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. ஏரியில் படகு சவாரி. தொட்டபெட்டா சிகரத்தில் குளிர் காற்று. பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு மலை ஏறும் குட்டி ரயில். திரும்பும்போது கையில் ஒரு பொட்டலம் வர்க்கி, ஒரு பொட்டலம் தேயிலை, ஒரு புட்டி தைலம்.

"ஊட்டியைப் பார்த்தாகிவிட்டது" என்று வீட்டில் வந்து சொல்கிறார்கள்.

ஊட்டியைப் பார்த்தது உண்மைதான். ஆனால், அந்த மலையின் மக்களைப் பார்த்தார்களா? அவர்கள் என்ன உண்கிறார்கள்? எதைக் கும்பிடுகிறார்கள்? பெரியவர்களைக் கண்டால் எப்படி வணங்குகிறார்கள்? இதைக் கேட்டால், பத்து முறை உதகைக்குப் போய் வந்தவர்கள்கூட விழிப்பார்கள்.

ஒரு மலையின் அழகு அதன் பூக்களில் மட்டும் இல்லை. அதன் அடுப்பங்கரையிலும் இருக்கிறது.

நெய்க்குத் தானியம்

நீலகிரியில் பல குடிகள் வாழ்கிறார்கள். மேட்டு நிலத்தில் தோடர், கோத்தர், படகர். சரிவுகளிலும் காடுகளிலும் குறும்பர், இருளர். ஒவ்வொரு குடிக்கும் தனி மொழி உண்டு. தனி வழக்கம் உண்டு. தனித் தொழிலும் இருந்தது.

தோடர்கள் எருமை வளர்த்தார்கள். கோத்தர்கள் இரும்பு அடித்தார்கள், பானை வனைந்தார்கள், வாத்தியம் வாசித்தார்கள். படகர்கள் நிலத்தை உழுதார்கள். குறும்பர்கள் காட்டில் தேன் எடுத்தார்கள்.

அந்த நாளில் மலை மீது கடைத் தெரு கிடையாது. பிறகு எப்படிக் காலம் தள்ளினார்கள்? ஒருவர் பொருளை மற்றவருக்குக் கொடுத்துத்தான்! தோடர் வீட்டு நெய் படகர் வீட்டுக்குப் போகும். படகர் நிலத்துத் தானியம் தோடர் வீட்டுக்கு வரும். கோத்தர் செய்த பானையிலும், கோத்தர் அடித்த கத்தியிலும்தான் எல்லார் வீட்டுச் சமையலும் நடந்தது. காட்டுத் தேனும் மூங்கில் கூடையும் குறும்பரிடமிருந்து வந்தன.

தலைமுறை தலைமுறையாக இது நடந்தது. இன்ன குடும்பத்துக்கு இன்ன குடும்பம் என்று உறவுபோல் வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், மறு குடியினர் வந்து கொட்டு முழக்குவார்கள்.

அது பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. அதிலும் உயர்வு, தாழ்வு இருந்தது. வாத்தியம் வாசித்தவரைத் தாழ்வாக நடத்தினார்கள். குறும்பர்கள் சூனியம் வைப்பார்கள் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தால் அவர்களைக் கொன்றதும் உண்டு. அந்தக் கொடுமை ஒழிந்தது நல்லதே. ஆனால், ஒருவர் இல்லாமல் மற்றவர் வாழ முடியாது என்ற ஓர் எண்ணமும் அதில் இருந்தது. அதை மறக்கலாமா?

எருமையே செல்வம், எருமையே தெய்வம்

தோடர்கள் இன்று சுமார் இரண்டாயிரம் பேர்தான். அவர்கள் வாழும் சிற்றூருக்கு 'மந்து' என்று பெயர். அவர்களுடைய பழைய வீட்டைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பெரிய பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற கூரை. தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். அவ்வளவு சிறிய வாசல்! குளிருக்கும் காட்டு விலங்குக்கும் அது நல்ல காவல்.

தோடர்கள் மரபுப்படி புலால் உண்ணாதவர்கள். பால், மோர், வெண்ணெய், நெய், தானியம் ஆகியவையே அவர்கள் உணவு. பால் கறக்கும் இடமே அவர்களுக்குக் கோயில். கோயில் எருமைகளின் பாலைக் கறந்து, கடைந்து, வெண்ணெய் எடுப்பதே பூசாரியின் பூஜை.

பெரியவரைக் கண்டால் இளைய பெண் மண்டியிட்டுத் தலை குனிவாள். பெரியவர் தம் பாதத்தை உயர்த்தி அவள் நெற்றியில் வைத்து ஆசி கூறுவார்.

கர்ப்பிணிக்கு நடக்கும் சடங்கு இன்னும் விசேஷமானது. கணவன் சிறிய வில்லும் அம்பும் செய்து மனைவியின் கையில் கொடுப்பான். மரத்தடியில் விளக்கு ஏற்றுவார்கள். "பிறக்கப் போகும் குழந்தைக்கு நானே தகப்பன்" என்று ஊரறியச் சொல்வதே அந்தச் சடங்கின் பொருள்.

தோடர் பெண்களின் கைவேலையும் பெயர் பெற்றது. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் பூ வேலை செய்கிறார்கள். துணியில் முன்னதாகக் கோடு எதுவும் வரைவதில்லை. இழைகளை எண்ணி எண்ணியே ஊசியை ஓட்டுகிறார்கள். இந்தப் பூ வேலைக்கு 2013-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இன்ன ஊரின் சரக்கு இது என்று சட்டம் கொடுக்கும் முத்திரை அது.

பாட்டியம்மன் திருவிழா

படகர்கள் வாழும் ஊருக்கு 'ஹட்டி' என்று பெயர். வரிசையாக ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும். மலை முழுவதும் இத்தகைய ஊர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு.

அவர்களுடைய பெருந்தெய்வம் ஹெத்தையம்மன். 'ஹெத்தை' என்றால் பாட்டி. குலத்தைக் காத்த மூதாட்டியையே அம்மனாக வணங்குகிறார்கள். மார்கழி, தை மாதக் கடுங்குளிரில் திருவிழா வரும். கோத்தகிரி பக்கத்தில் உள்ள பேரகணியில் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். ஆணும் பெண்ணும் வெள்ளை உடை உடுத்தி வருவார்கள். கால்நடையாகவே மலைப்பாதையில் நடந்து வருவோரும் உண்டு. பச்சைத் தேயிலைச் சரிவில் வெள்ளை வெள்ளையாக மனிதர் கூட்டம் இறங்கி வருவதைக் காணக் கண் கோடி வேண்டும்!

படகர் வீட்டில் இளையவர் தலை குனிந்து நிற்பார். பெரியவர் அந்தத் தலையில் கை வைத்து வாழ்த்துவார். கல்யாணம் என்றால் வட்டமாக நின்று ஆடுவார்கள். பணக்காரர், ஏழை என்ற பேதம் அந்த வட்டத்தில் இல்லை. வரதட்சணை கேட்பது அவர்கள் மரபில் கிடையாது. சமவெளிக்காரர்கள் அவர்களிடம் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான்!

சாப்பாடு என்ன? ராகிக் களி, சாமைச் சோறு, மலை அவரையைப் போட்டு வைக்கும் குழம்பு. விசேஷ நாளில் துப்பதிட்டு என்ற இனிப்புப் பண்டம். 'துப்ப' என்றால் நெய். 'ஹிட்டு' என்றால் மாவு. பெயரிலேயே நெய் இருக்கிறது. ஆனால், இன்று பல வீடுகளில் அதை எண்ணெயில்தான் பொரிக்கிறார்கள். பெயர் இருக்கிறது; நெய் எங்கே போயிற்று?

அதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

புல் போன கதை

1819-ம் ஆண்டு கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்தார். குளிர் அவருக்குப் பிடித்துவிட்டது. உதகையில் கல் வீடு கட்டினார். ஏரி வெட்டினார். முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு முதலிய சீமைக் காய்கறிகள் மலையில் பரவின. பிறகு சீனாவின் தேயிலைச் செடி வந்தது. ஆஸ்திரேலியாவின் தைல மரமும் சீகை மரமும் வந்தன.

வெறும் புல்வெளியாகக் கிடக்கிறதே, இதில் மரம் வைத்தால் விறகாவது கிடைக்குமே என்று நினைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அதே எண்ணம் தொடர்ந்தது. பட்டையிலிருந்து தோல் பதனிடும் சரக்குக் கிடைக்கும், தண்டிலிருந்து ஆலைக்கு மரக்கூழ் கிடைக்கும் என்று புல்வெளியில் அந்நிய மரங்களை நட்டார்கள்.

அது வெறும் புல்வெளி அல்ல. மழைத் தண்ணீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, வருஷம் முழுவதும் ஓடையில் விடும் நிலம் அது. பள்ளத்தில் சோலைக் காடும், மேட்டில் புல்லும் சேர்ந்துதான் பவானிக்கும் மோயாற்றுக்கும் தண்ணீர் தருகின்றன. 12 ஆண்டுக்கு ஒரு முறை குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான்.

புல் குறைந்தது. எருமை குறைந்தது. எருமை குறைந்ததும் நெய் குறைந்தது. தோடர் கோயிலுக்குக் கூரை வேயச் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு வகைப் புல் வேண்டும். சதுப்பு வற்றினால் அந்தப் புல்லுக்கு எங்கே போவது? பெட்டியில் பூட்டி வைத்தால் வழக்கம் பிழைக்காது. அதற்குப் புல் வேண்டும், தண்ணீர் வேண்டும்.

வயல்களின் கதையும் அதுவே. சாமையும் ராகியும் விளைந்த இடத்தில் கிழங்கு வந்தது. பிறகு தேயிலை வந்தது. தேயிலையால் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைக்கின்றன. பிள்ளைகள் படித்தார்கள்; ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், பச்சைத் தேயிலையின் விலை விழுந்தால் இந்தச் சிறு விவசாயிகள் என்ன செய்வார்கள்? தேயிலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம்; களி கிண்டித் தின்ன முடியாது! பாட்டி காலத்தில் விலை விழுந்தாலும் பானையில் சாமை இருந்தது.

வர்க்கி சொல்லும் பாடம்

வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெடுதல் என்று எண்ணிவிடக் கூடாது. ஊட்டி வர்க்கியையே பாருங்கள். ரொட்டி சுடும் வித்தை வெள்ளைக்காரர்களோடு மலை ஏறியது. மலைக் கடைக்காரர்கள் அதைத் தமதாக்கிக் கொண்டார்கள். வாழைப்பழம், ரவை, சர்க்கரை, மைதா ஆகியவற்றைப் பிசைந்து புளிக்க வைத்து, அதையே மாவுக்கு உறையாக ஊற்றும் முறை இன்றும் இருக்கிறது. பிறகு அடுக்கு அடுக்காக மடித்து, விறகு அடுப்பில் சுடுகிறார்கள். குளிரில் சூடான தேநீரோடு ஒரு வர்க்கியைக் கடித்தால் அதன் ருசியே தனி! 2023-ம் ஆண்டு அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

இலங்கையிலிருந்து வந்த தமிழர்களும் இந்த மலையின் மக்களே. 1964-ம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். அவர்கள் வீட்டு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இன்று நீலகிரிச் சமையலில் சேர்த்திதான்.

ஆக, புதியது வரலாம். வந்தவர் வாழலாம். ஆனால், வந்தது இருந்ததை விழுங்கிவிடக் கூடாது.

என்ன செய்யலாம்?

அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்பதற்கு 2022-ம் ஆண்டு தமிழக அரசு ஒரு கொள்கை வகுத்தது. நல்ல காரியம். அது ஏட்டோடு நிற்கக் கூடாது. எந்தப் புல் எங்கே வளர்ந்தது என்று தோடர் கிழவருக்குத் தெரியும். எந்தப் பாறையில் எப்போது தேன் கட்டும் என்று குறும்பருக்குத் தெரியும். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். காட்டில் அவர்களுக்குள்ள உரிமையை 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த உரிமைப் பட்டா தாமதமின்றிக் கைக்கு வர வேண்டும்.

2023-ம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று உலகமே கொண்டாடியது. சாமையும் ராகியும் விளைந்த மலையில் அவற்றுக்கு மீண்டும் ஒரு மூலையாவது வேண்டாமா? தேயிலைக்கு நடுவே ஒரு துண்டு நிலத்தில் சாமை விதைக்கும் விவசாயிக்கு விதையும், நல்ல விலையும், காட்டுப்பன்றியிடமிருந்து காவலும் கிடைக்க வழி செய்ய வேண்டும். மலைப் பள்ளிகளின் மதிய உணவில் வாரம் ஒரு நாள் களி போடலாம். குழந்தையின் நாக்கு மறக்காவிட்டால், நிலமும் மறக்காது.

சுற்றுலா செல்வோருக்கும் கடமை உண்டு. பூ வேலைச் சால்வையைப் பேரம் பேசி அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். ஒரு பெண் பல நாள் கண் நோக உட்கார்ந்து செய்த வேலை அது. தோடர் கோயிலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். கேட்காமல் யாரையும் படம் பிடிக்காதீர்கள். அவர்கள் காட்சிப் பொருள் அல்ல. அந்த வீட்டின் சொந்தக்காரர்கள். நாம் விருந்தாளிகள்.

அடுத்த முறை மலை ஏறும்போது, ஏரியைப் பாருங்கள், மலரைப் பாருங்கள். வர்க்கியும் வாங்குங்கள். அதோடு, மலைக்காரர் ஒருவரிடம் அன்பாக ஒரு கேள்வி கேளுங்கள்:

"உங்கள் பாட்டி என்ன சமைப்பார்கள்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கும் வரையில், நீலகிரி நீலகிரியாக இருக்கும்.