துண்டு போடாத சந்தை

கார்த்திகை தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடுவது நெடுநாளைய வழக்கம். மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்லுவதில்லை. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டுக்கொள்வார். துண்டுக்கு அடியில் விரல்கள் விரல்களைத் தொடும். விலை இன்னதென்று அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். சுற்றி நிற்கும் ஜனங்களுக்குத் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. இந்த ஏற்பாட்டில் ஒருவித மரியாதை இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

2025-ம் வருஷம் தீபம் டிசம்பர் 3-ந் தேதி வந்தது. அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, மலைக்கு மேற்கே கிரிவலப் பாதையில் இருக்கும் நம் அடி அண்ணாமலையில் வேறொரு சந்தை கூடிவிட்டது. தேநீர்க் கடை, முடிதிருத்தும் கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் சந்தையாயின. அதில் துண்டும் கிடையாது, தரகரும் கிடையாது. எல்லாரும் உரக்கவே விலை கூறினார்கள். விலை கூறப்பட்டவை மாடுகள் அல்ல, கிரிக்கெட் ஆட்டக்காரர்கள்.

ஒரு பௌர்ணமி இரவு, கிரிவலம் வந்த வெளியூர்ப் பாட்டியம்மாள் ஒருவர் களைப்பாறத் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் வாலிபர்களின் வாதம் பலமாக நடந்துகொண்டிருந்தது. "நம்ம ஆளக் கொடுத்துட்டு அவங்க பையன எடுத்துக்கலாம்ணா. ஆனா அவங்க கூட இன்னொரு பையனையும் சேர்த்துக் கேக்கறாங்களாம்" என்றார் ஒருவர். பாட்டியம்மாள் சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, "ஏம்பா, பொண்ணக் கொடுத்துப் பொண்ணு எடுக்கறது கேள்விப்பட்டிருக்கேன். பையனக் கொடுத்துப் பையன எடுக்கறது எந்த ஊரு வழக்கம்?" என்று விசாரித்தார். வாலிபர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நமக்கும் அந்தக் கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை.

இந்த விஷயத்தில் சிரத்தையில்லாத நேயர்களுக்காக விவரத்தைச் சொல்லிவிடுகிறோம். இந்தியன் பிரீமியர் லீக் என்னும் பந்தயத்தில் பத்துக் கோஷ்டிகள் ஆடுகின்றன. ஒரு வருஷத்துப் பந்தயம் முடிந்து அடுத்த ஏலம் வருவதற்குள், ஒரு கோஷ்டி தன் ஆட்டக்காரரை இன்னொரு கோஷ்டிக்குக் கொடுத்து, பதிலுக்கு ஆளையோ பணத்தையோ வாங்கிக்கொள்ளலாம். 2025-ம் வருஷத்துப் பந்தயத்தில் ராஜஸ்தான் ராயல்ஸ் கோஷ்டிக்கு ஒன்பதாவது இடம். நம் சென்னை சூப்பர் கிங்ஸ் கோஷ்டிக்குப் பத்தாவது இடம். கடைசி பெஞ்சுக்காரர்கள் இருவர் தங்களுக்குள் பலப்பம் மாற்றிக்கொள்வது எந்தப் பள்ளிக்கூடத்திலும் உள்ளதுதானே! பல மாத வதந்திக்குப் பிறகு, நவம்பர் 15-ந் தேதி சமாசாரம் உறுதியாயிற்று. ராஜஸ்தானின் காப்டனாக இருந்த ஸ்ரீ சஞ்சு சாம்ஸன் சென்னைக்கு வந்தார். ஸ்ரீ ரவீந்திர ஜடேஜாவும் இங்கிலாந்துக்காரரான ஸாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள்.

மறுநாளிலிருந்து ஊரெங்கும் கணக்குத்தான். சதவிகிதக் கணக்கு என்றால் ஜுரம் வந்துவிடுகிற ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், தாளும் பென்சிலும் இல்லாமல் நம்மிடம் ஒப்பித்தான்: "சாம்ஸனுக்கு 18 கோடி சார். ஜடேஜாவுக்கும் முன்னே 18 கோடி. இப்போ 14 கோடின்னு குறைச்சு அனுப்பியிருக்காங்க. கரனுக்கு 2 கோடி 40 லட்சம். நம்ம டீம்லேருந்து 20 கோடி 40 லட்சம் போச்சு, 18 கோடி வந்துச்சு. நமக்கு 2 கோடி 40 லட்சம் மிச்சம். அவங்களுக்கு 18 கோடி போச்சு, 16 கோடி 40 லட்சம் வந்துச்சு. அவங்களுக்கும் 1 கோடி 60 லட்சம் மிச்சம். ரெண்டு பேருக்கும் லாபம் சார்!"

"பேஷ்! இரண்டு பேருக்கும் லாபம் என்றால் நஷ்டம் யாருக்கு?" என்று கேட்டோம்.

பையன் இரண்டு மிச்சத்தையும் கூட்டிப் பார்த்தான். சரியாக 4 கோடி வந்தது. ஜடேஜாவின் சம்பளத்தில் குறைந்ததும் அதே 4 கோடி. "அட, அவருக்குத்தான் சார்" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

14 கோடி ரூபாய் வாங்குகிறவருக்காக நாம் கண்ணீர் விடவேண்டிய அவசியமில்லை. இந்த மாற்றத்துக்கு அவருடைய சம்மதமும் பெறப்பட்டது. ஆனால் ஊரெல்லாம் இத்தனை நாள் கூட்டிக் கழித்தபோது இந்த ஒரு வரி யார் கணக்கிலும் வரவில்லையே, அதுதான் நமக்கு வியப்பாக இருந்தது. சென்னையின் லாபம் தெரிந்தது. ராஜஸ்தானின் லாபமும் தெரிந்தது. ஆளின் கணக்கை எழுத ஒருவருக்கும் பத்தி கிடைக்கவில்லை.

அந்த ஆள் யார்? 2012-ம் வருஷம் சென்னை அவரை 20 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. இடையில் கோஷ்டியே விலக்கி வைக்கப்பட்டிருந்த இரண்டு வருஷம் நீங்கலாக, 12 பந்தயங்கள் சென்னைக்காக ஆடினார். அவர் இருந்த காலத்தில் 2018, 2021, 2023 ஆகிய மூன்று வருஷங்கள் கோப்பை சென்னைக்கு வந்தது. 2023-ம் வருஷம் மே மாதக் கடைசியில் ஆமதாபாத்தில் நடந்த இறுதி ஆட்டம் நினைவிருக்கும். மழையினால் ஆட்டம் நீண்டு நள்ளிரவு தாண்டிவிட்டது. கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டம் வேண்டும். ஜடேஜா ஒன்றை ஆறுக்கும் மற்றொன்றை நான்குக்கும் அடித்தார். ஸ்ரீ தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டார். அன்று நம் தெருவில் உறங்கிய வீடு ஒன்றுகூட இல்லை. அதே தெருவில் இரண்டரை வருஷங்களுக்குப் பிறகு கேட்ட பேச்சு: "வயசு முப்பத்தாறு ஆவுது. இப்பவே தள்ளிவிட்டாத்தான் விலை வரும்."

கோஷ்டியின் முதலாளிகள் இப்படிப் பேசினால் அதில் நியாயம் உண்டு. பத்தாவது இடத்துக்கு வந்தவர்கள் வீட்டைச் சீர்திருத்தாமல் என்ன செய்வார்கள்? முப்பத்தொரு வயது சாம்ஸன் இன்னும் பல வருஷம் ஆடக்கூடியவர், விக்கெட்டும் காப்பார், காப்டனாக இருந்து 2022-ல் ராஜஸ்தானை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். அதே டிசம்பர் 16-ந் தேதி அபுதாபியில் நடந்த ஏலத்தில் சென்னை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. உத்தரப் பிரதேசத்து பிரசாந்த் வீர் என்னும் இருபது வயது வாலிபருக்கும், ராஜஸ்தானத்து கார்த்திக் சர்மா என்னும் பத்தொன்பது வயது வாலிபருக்கும் தலைக்கு 14 கோடி 20 லட்சம் கொடுத்தது. இருவரும் அதுவரை இந்தியாவுக்காக ஆடியதில்லை. ஆரம்ப விலை தலைக்கு 30 லட்சந்தான். முடிந்தது அதற்கு 47 மடங்கு. பிரசாந்த் வீர், ஜடேஜாவைப் போலவே இடது கையால் சுழற்பந்து வீசி மட்டையும் பிடிப்பவர். காய்த்த மரத்தைக் கொடுத்துவிட்டு நாற்று நடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாற்றைப் பார்த்துக் காயை எண்ணுகிற ஜோசியம் மட்டும் உலகத்தில் யாருக்கும் முழுவதும் பலித்ததில்லை. 2008-ம் வருஷம், இளைஞர் உலகக் கோப்பையை வென்று வந்த பிள்ளைகளைக் கோஷ்டிகள் பங்கு போட்டுக்கொண்டன. டில்லிக் கோஷ்டிக்கு முதல் வாய்ப்பு. தங்களிடம் மட்டையாளர் போதுமென்று அவர்கள் ஒரு பந்து வீச்சாளரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் விட்டுவிட்ட டில்லிப் பையனைப் பெங்களூர் எடுத்துக்கொண்டது. அவர்தான் ஸ்ரீ விராட் கோலி. அவர் அங்கேயே பதினெட்டுப் பந்தயங்கள் ஆடி, 2025-ல் கோப்பையையும் கண்டார்.

இந்த வியாபாரத்தில் நமக்கு மூத்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே பேஸ்பால் என்னும் ஆட்டத்தில், பேரெடுத்த ஆட்டக்காரரைக் கொடுத்து நம்பிக்கையூட்டும் சிறுவர்களை வாங்குவதும், சிறுவர்களைக் கொடுத்துப் பேரெடுத்தவரை வாங்குவதும் வருஷந்தோறும் நடக்கும். ரசிகர்கள் அதை ஊகிப்பதையே தனி ஆட்டமாக ஆடுகிறார்கள். 1990-ம் வருஷம் பாஸ்டன் கோஷ்டி, பந்தயத்தின் கடைசிச் சில வாரங்களுக்கு உதவுவாரென்று லாரி ஆண்டர்ஸன் என்னும் முப்பத்தேழு வயதுப் பந்து வீச்சாளரை ஹூஸ்டனிலிருந்து வாங்கியது. பதிலுக்கு ஜெஃப் பாக்வெல் என்னும் இருபத்திரண்டு வயதுப் பையனைக் கொடுத்தது. ஆண்டர்ஸன் அந்த வாரங்களோடு பாஸ்டனை விட்டுப் போய்விட்டார். பாக்வெல் பதினைந்து பந்தயங்கள் ஹூஸ்டனுக்கே ஆடி, அந்த ஆட்டத்தின் மகாபுருஷர்கள் வரிசையில் 2017-ல் சேர்ந்தார்.

அந்தத் தேசத்திலேயே பாட்டியம்மாளின் கேள்வியை வேறு விதமாகக் கேட்ட ஒருவரும் உண்டு. கர்ட் ஃப்ளட் என்னும் நீக்ரோ இனத்து வீரர் 12 பந்தயங்கள் ஸெயின்ட் லூயிஸ் கோஷ்டிக்கு ஆடியவர். 1969-ல் அவரைக் கேட்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். நம் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் நாம் ஒரு சொத்தா என்று ஆட்டத்தின் தலைமை அதிகாரிக்கு அவர் கடிதம் எழுதினார். பிறகு வழக்குத் தொடுத்தார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆனாலும் அவர் தட்டிய கதவு மூடியே இருந்துவிடவில்லை. மறு வருஷமே, பத்து வருஷம் ஆடி அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே கோஷ்டியில் இருந்தவரை அவர் சம்மதமின்றி மாற்றக்கூடாதென்று ஒப்பந்தம் ஏற்பட்டது. அதற்கு ஃப்ளட்டின் பெயரையே சொல்லுகிறார்கள்.

ஜடேஜாவின் கதையிலும் இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 2008-ல் ராஜஸ்தான் இறுதி ஆட்டத்தில் சென்னையையே வென்று கோப்பை வாங்கியபோது, அந்தக் கோஷ்டியில் இருந்த பத்தொன்பது வயது நாற்று அவர்தான். பிறகு, ஒப்பந்தம் இருக்கும்போதே வேறு கோஷ்டியோடு தாமாகப் பேசினாரென்று 2010-ம் வருஷம் முழுவதும் ஆடக்கூடாதென விலக்கிவைத்தார்கள். ஆட்டக்காரன் தானாக நடந்தால் குற்றம்; கோஷ்டி நடத்திக்கொண்டு போனால் வியாபாரம்! பதினேழு வருஷங்களில் நாற்று மரமாகி, முதலில் நட்ட தோட்டத்துக்கே திரும்பிப் போயிருக்கிறது.

இவை முதலாளிகளுடைய விஷயம். நம் கவலை ரசிகர்களைப் பற்றியது. முதலாளி பணம் போட்டிருக்கிறார். அவர் கணக்குப் பார்க்கட்டும். ரசிகன் போட்டிருப்பது அன்பு. அவனுக்கென்று உள்ள சொத்து ஞாபகம் ஒன்றுதான். அதைக் கீழே வைத்துவிட்டு முதலாளியின் மூக்குக் கண்ணாடியை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டால், லாபத்தில் ஒரு காசும் அவனுக்கு வரப்போவதில்லை, கையிலிருந்ததும் போய்விடுகிறது.

இது கிரிக்கெட்டோடு நிற்கவும் இல்லை. நம் ஊர்ப் பையன்கள் முன்னெல்லாம் ஏரிக்கரையில் ஆடும்போது நாணயம் சுண்டிவிட்டுக் கோஷ்டி பிரிப்பார்கள். இப்போது ஏலம் விடுகிறார்கள். "இவனுக்கு அஞ்சு கோடி", "அவனுக்கு ரெண்டு கோடி" என்று கத்தல். கடைசியில் நின்றவனைப் பார்த்து, "உனக்கு இருபது லட்சம்தாண்டா, வா" என்று கூப்பிடுகிறார்கள். அவனும் சிரித்துக்கொண்டே போகிறான். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டதென்று உபாத்தியாயர்களுக்குத் தெரியும். பெரியவர்கள் வீட்டில் "மூத்தவன் தேறமாட்டான், சின்னவன்தான் நம்பிக்கை" என்று பேசும்போது, கதவுக்குப் பின்னால் நிற்கும் மூத்தவனின் முகத்திலும் அதே சிரிப்பைப் பார்க்கலாம். மனிதரை விலை சொல்லிப் பழகிய நாக்கு, வீட்டு வாசலில் செருப்போடு கழற்றிவைக்கக்கூடிய சாமான் அல்ல.

ஆகையால் வம்பை நிறுத்துங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. ஊகம் பேசாவிட்டால் தேநீர் இறங்காது. ஒரு சின்ன நிபந்தனை மட்டும் சொல்லுகிறோம். யாரை மாற்றலாம், யாரைத் தள்ளலாம் என்று பேச்சு எடுக்கிறவர், முதலில் அந்த ஆட்டக்காரர் தமக்குக் கொடுத்த ஒரு நல்ல மாலைப்பொழுதைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு விலையைச் சொல்லட்டும். சொல்ல ஒன்றும் ஞாபகம் வராதவருக்கு அன்றைய சந்தையில் வாக்கு இல்லை. நாளைக்குப் பிரசாந்த் வீர் ஒரு பந்தைக் கைநழுவ விடும்போதும், "14 கோடி வாங்கினவன்" என்பதற்கு முன்னால் "இருபது வயசுப் பையன்" என்று யாராவது ஒருவர் சொல்லக் கேட்டால், நம் ஊர்த் தேநீர்க் கடையில் அவருடைய தேநீருக்கு நாமே காசு கொடுத்துவிடுகிறோம்.