தீவனத் தொட்டிக்குத் திரும்பி வந்த மாடு

பிரிட்டனில் ‘மேட் கவ்’ நோய் பரவிய கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு நீதியோடு முடிப்பார்கள்: புல் தின்னும் மாட்டுக்கு மாமிசம் போட்டார்கள், இயற்கை பழிவாங்கிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அதே இறைச்சி-எலும்புத்தூளைத் தின்ற பன்றிக்கும் கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறவியிலேயே மாமிசம் தின்னும் பூனைக்கு நோய் வந்தது. 1990இல் பிரிஸ்டலில் ஒரு வீட்டின் சயாமியப் பூனை இந்நோயால் செத்த செய்தி வந்ததும் பிரிட்டிஷ் மக்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. மிருகக்காட்சிசாலைச் சிவிங்கிப்புலிகளும் தப்பவில்லை.

காரணம் பிரியான். அது பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. மடிப்புப் பிசகிய ஒரு புரதம். துளி உறைமோர் பால் முழுவதையும் மாற்றிவிடுவதுபோல, மூளையில் இருக்கும் நல்ல புரதங்களையும் அது தன் கோணலுக்கே இழுத்துவிடும். வேகவைத்தாலும் சாகாது, சாவதற்கு அதற்கு உயிரே கிடையாது. 1982இல் ஸ்டான்லி புரூசினர் இதற்குப் பெயர் வைத்தபோது நம்பாதவர்களே அதிகம். 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஓரினத்தின் மூளையும் தண்டுவடமும் அதே இனத்தின் வயிற்றுக்குத் திரும்பத் திரும்பப் போகும்போதுதான் பிரியானுக்குக் கொண்டாட்டம். பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம், இறந்த உறவினரின் உடலை உண்ணும் சடங்கு வழியாகப் பரவிய ‘குரு’ நோயும் இப்படித்தான் வளர்ந்தது. சடங்கு நின்றது, அதன்பின் பிறந்த பிள்ளைகளை அந்த நோய் தொடவில்லை.

பிரிட்டனில் அந்தச் சடங்கை நடத்தியவை ஆலைகள். இறைச்சிக் கூடத்தில் மிஞ்சிய தலை, தண்டுவடம், குடல், எலும்பு எல்லாவற்றையும் வேகவைத்துக் கொழுப்பை வடித்து, சக்கையை அரைத்தால் பழுப்பு நிறத் தூள் கிடைக்கும். புரதம் மிகுந்தது, விலை மலிவு. அது கறவை மாட்டுத் தீவனத்திலும் கன்றுகளுக்கான தீவனத்திலும் கலந்தது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பல பண்ணைக்காரர்களுக்கே தெரியாது.

நோய் அடையாளம் காணப்பட்டது 1986 நவம்பரில். அடுத்த ஆண்டே, அரசுக் கால்நடை ஆய்வாளர் ஜான் வைல்ஸ்மித் தீவனம்தான் காரணம் என்று கணித்துவிட்டார். 1988 ஜூலையில் தடையும் அமலுக்கு வந்தது. இத்தனை வேகம் காட்டிய அரசு, கோட்டை விட்டது அந்தத் தடையில்தான்.

தடையை அறிவித்துவிட்டு, கையிருப்பை விற்றுத் தீர்க்க ஐந்து வாரம் அவகாசம் கொடுத்தது. மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளுக்கு மட்டுமே தடை. பன்றிக்கும் கோழிக்கும் அதே தூள் தொடர்ந்தது. ஒரே ஆலை, ஒரே எந்திரம். காலையில் கோழித் தீவனம் அரைத்த எந்திரத்தில் மாலையில் மாட்டுத் தீவனம் அரைத்தால், ஒட்டிக்கொண்டிருந்த தூள் எங்கே போகும்? ஒரு மாட்டுக்கு நோய் வர ஒரு கிராமுக்கும் குறைவான மூளைத் திசு போதும். தடைக்குப் பின் பிறந்த மாடுகளிலேயே 40,000க்கும் மேல் நோயுற்றன. மொத்தத்தில் 1,80,000க்கும் மேல். நோயுற்ற மாட்டுக்கு முதலில் பாதி விலைதான் இழப்பீடு என்றது அரசு. தள்ளாடும் மாட்டைக் காட்டிக்கொடுக்க எந்தப் பண்ணைக்காரருக்கு மனம் வரும்?

1990இல் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர், கேமராக்களுக்கு முன்னால் தன் சின்ன மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை நீட்டினார். 1996 மார்ச் 20 அன்று, நோய் மனிதருக்கும் தொற்றியிருக்கக்கூடும் என்று நாடாளுமன்றத்தில் அரசு ஒப்புக்கொண்டது. பண்ணை விலங்கு எதற்குமே அந்தத் தூளைப் போடக் கூடாது என்ற முழுத் தடை அந்த ஆண்டுதான் வந்தது. பிரிட்டனில் இந்நோயின் மனித வடிவத்துக்கு 178 பேர் பலியானார்கள். அக்காலத்தில் பிரிட்டனில் வசித்தவர்கள் ரத்த தானம் செய்ய அமெரிக்கா விதித்த கட்டுப்பாடு 2022 வரை நீடித்தது.

இந்தக் கணக்கு தீர்வதற்குள், 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் பன்றிப் புரதத்தைக் கோழிக்கும், கோழிப் புரதத்தைப் பன்றிக்கும் கொடுக்க அனுமதித்திருக்கிறது. ஓரினத்தின் புரதம் அதே இனத்துக்குப் போகக் கூடாது என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது. அனுமதியில் தப்பில்லை. இறைச்சிக் கழிவை எரிப்பதும் தீவனத்துக்காகக் காட்டை அழித்துச் சோயா விளைவிப்பதும் புத்திசாலித்தனம் ஆகாது. ஆனால், ஒவ்வொன்றுக்கும் தனி ஆலை, தனி லாரி என்ற நிபந்தனை காகிதத்தோடு நின்றுவிட்டால் 1988 மறுபடி வரும். அன்று தீவனத்தில் மாட்டுப் புரதம் கலந்திருக்கிறதா என்று பார்க்க நம்பகமான சோதனையே இல்லை. இன்று மரபணுச் சோதனை இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஆலைக்குள் நுழைந்து மூட்டையைப் பிரிக்க ஆய்வாளருக்கு அதிகாரமும் போதிய ஆளும் இருக்கிறதா என்பதை, அனுமதி கொடுத்த அரசுகள் முதலில் காட்டட்டும்.