தேடிக் காணவேண்டிய திரை

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த அரிட்டாபட்டி நிலப்பரப்பில், குறைந்த பொருட்செலவில் உருவான திரைப்படம் ‘கூழாங்கல்’. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய இம்முதல் படைப்பு, 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதன்மை விருதான ‘டைகர்’ விருதை வென்றது. அவ்விருதைப் பெற்ற முதல் தமிழ்ப்படம் இதுவே. ஆஸ்கர் போட்டிக்கான இந்தியப் பரிந்துரையாகவும் அவ்வாண்டு தேர்வாயிற்று. ஆயினும் பொதுமக்கள் பார்வைக்கு 2023 அக்டோபரில்தான் வந்தது. அதுவும் இணையவழித் திரைத்தளத்தில்.

கதை மிகச் சிறிது. பிறந்தகம் சென்றுவிட்ட மனைவியை அழைத்துவரக் குடிகாரத் தந்தை மகனுடன் புறப்படுகிறான். திரும்பும் வழியெல்லாம் கொளுத்தும் வெயிலில் நடை. தாகம் தெரியாதிருக்கச் சிறுவன் கூழாங்கல் ஒன்றை வாயிலிட்டுக்கொள்கிறான். வீட்டில் அத்தகைய கற்கள் குவிந்து கிடப்பதைக் காணும்போதுதான் இந்நடை அவனுக்குப் புதிதன்று என்பது விளங்குகிறது. அதனைச் சொல்ல ஓர் உரையாடலும் தேவைப்படவில்லை. இறுதியில், ஊற்றுக்குழியில் ஒரு பெண் சிறிது சிறிதாக நீர் அள்ளிக் குடம் நிரப்ப, மற்றவர்கள் காத்திருக்கின்றனர். எத்தனை கோடி செலவிட்டாலும் அக்காட்சியின் பொறுமையை விலைக்கு வாங்க இயலாது.

இதனை விழாக்களுக்குரிய படமென்று ஒதுக்குவது முறையன்று. திரையில் காய்வது மேலூர்ப் பக்கத்து வெயில். ஒலிப்பது அவ்வட்டாரப் பேச்சு. திரையரங்குகள் இடம் தராவிடில், அரிட்டாபட்டி மந்தையிலேயே வெண்திரை கட்டி ஊராருக்குக் காட்டலாம்.