புது டயர் முன்னாலா, பின்னாலா?

கார்த்திகை நெருங்கினால் திருவண்ணாமலை டயர் கடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். நாலு டயரும் தேய்ந்திருக்கிறது. கையில் இருக்கும் காசுக்கு இரண்டுதான் மாற்ற முடியும். புதுசை எங்கே போடுவது? "முன்னாடியே போடுங்கண்ணா, வண்டியை இழுக்கிறதே முன் வீல்தானே" என்பார் கார்க்காரர். கடைக்காரரும் மறுப்பு சொல்லாமல் ஜாக்கியை எடுப்பார்.

கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால் செங்கம் சாலையில் அடைமழையில் ஒரு வளைவு திரும்பும்போது கார் சொன்ன பேச்சைக் கேட்குமா, குறுக்கே திரும்பி எதிரே வரும் பஸ்ஸுக்கு நேராக நிற்குமா என்பது இந்தச் சின்ன முடிவில் இருக்கிறது.

1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை நம் சாலைகளை ஆண்ட அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் பின் சக்கரம் தள்ளி ஓடியவை. மாருதி அதை மாற்றிப் போட்டது. எஞ்சின் முன்னால், அதன் சக்தியும் முன் சக்கரத்துக்கே. இன்று வீட்டு வாசலில் நிற்கும் ஸ்விஃப்ட், ஐ20, ஆல்ட்ரோஸ் எல்லாமே இந்த ஜாதிதான். அம்பாசிடர் ஓட்டிப் பழகிய பெரியவர்கள், "டிக்கியில ஒரு மூட்டை போட்டுக்கோ, வண்டி வழுக்காது" என்று சொல்வார்கள். பின் சக்கர வண்டிக்கு அது சரி. முன் சக்கர வண்டியில் பின்னால் ஏற்றும் பாரம், இழுக்க வேண்டிய சக்கரத்தை லேசாக்கிவிடும். கிரிவலத்துக்கு ஐந்து பேர், டிக்கி நிறைய பை, அரிசி மூட்டை என்று கிளம்பும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. முழு பாரத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதை டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரே சொல்லும். அதை யாரும் படிப்பதில்லை.

டயர் தரையைத் தொடும் இடம் கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அகலம். அந்தப் பிடிமானத்தை மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளலாம். வாடகையும் அதிலிருந்துதான், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்துதான். முன் சக்கரத்துக்கு மூன்று செலவு: காரை இழுக்க வேண்டும், திருப்ப வேண்டும், பிரேக் போட்டால் பெரும்பகுதி வேலையையும் அதுவே செய்ய வேண்டும். காய்ந்த தாரில் சம்பளம் தாராளம். மழை பெய்தால் சம்பளம் குறைந்துவிடும், செலவு குறையாது. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே ஆக்ஸிலரேட்டரையும் மிதித்தால் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுக்கப் பிடிமானம் இருக்காது. சக்கரம் திரும்பியிருக்கும், கார் மட்டும் நேராகப் போகும்.

டர்போ வைத்த ஸ்போர்ட்டி ரகக் கார்களில் இது இன்னும் கொஞ்சம் கூடுதல். குறைந்த வேகத்திலேயே இழுவிசை குபீரென்று வரும். ஈரத்தில் லேசாக மிதித்தாலே முன் சக்கரம் சும்மா சுழலும். அழகுக்காக அகலமான டயரும் பெரிய அலாயும் மாட்டுகிறவர்கள் உண்டு. அகலம் கூடினால் வெயிலில் பிடிப்பு கூடலாம். தேங்கிய தண்ணீரில் அகலமான டயர் சீக்கிரமே நீர் மேல் மிதக்கத் தொடங்கும்.

அப்படியானால் புது டயர் முன்னால்தானே? இல்லை. டயர் நிறுவனங்கள் பின்னால் போடுங்கள் என்றுதான் சொல்கின்றன, முன் சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும். காரணம் இதுதான். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும். ஓட்டுபவருக்கு உடனே தெரியும். காலை மெல்ல எடுத்தால், வேகம் இறங்கி, பிடிப்பு திரும்பி வரும். பயந்துபோன மனிதர் இயல்பாகச் செய்வதும் அதைத்தான். பின் டயர் வழுக்கினால் கதை வேறு. கார் பம்பரம் மாதிரி சுழலும். அப்போது சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்னால் சாய்ந்து, பின்பக்கம் இன்னும் லேசாகி, சுழற்சி அதிகமாகும். அதைப் பிடித்து நிறுத்த ரேஸ் ஓட்டுபவரின் கை வேண்டும். பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வரும் அப்பாவிடம் அந்தக் கை இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

முன்னால் தேய்ந்த டயர் இருக்கட்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. முன் டயர்தான் வேகமாகத் தேயும் என்பதால் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்பின் மாற்றிப் போட்டு வந்தால் நாலும் ஒன்றாகத் தேயும். இந்தக் கேள்வியே எழாது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயர் ஓடக் கூடாது. பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அவற்றின் மட்டத்துக்கு இறங்கிவிட்டால் காலம் முடிந்தது. மழைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3721 என்றால் 2021-ஆம் ஆண்டின் 37-ஆவது வாரத்தில் செய்தது. அண்ணாமலை வெயிலில் வருடக்கணக்காக நின்ற காரின் டயர், பள்ளம் பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். இறுகிய ரப்பர் ஈரத்தில் பிடிக்காது.

பனி கொட்டும் நாட்டுக்காரர்களுக்கு இந்த ரப்பர் கணக்கு அத்துப்படி. மாண்ட்ரியலில் இருக்கும் நம் ஈழத்து உறவுகளைக் கேட்டால் சொல்வார்கள்: கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயர் இறுகிவிடும், பனிக்கால டயரின் ரப்பர் மென்மையாகவே இருக்கும். அது மாட்டிய முன் சக்கரக் கார், கோடை டயரோடு வரும் பெரிய நாலு சக்கர இழுவை ஜீப்பைவிட நம்பகமாக நிற்கும். இது தெரியாமல் மணாலிக்குப் போகிறவர்கள்தான் அடல் சுரங்கப் பாதை பக்கம் உறைந்த சாலையில் சறுக்கிக்கொண்டே போவதை டிசம்பர் தோறும் போனில் பார்க்கிறோம்.

சின்ன முன் சக்கரக் காருக்குப் பனியில் பெரிய பெயரே உண்டு. மான்டி கார்லோ ராலியை மினி கூப்பர் 1964, 1965, 1967 என மூன்று முறை வென்றது. 1965-இல் கடும் பனிப்புயல். பெரிய எஞ்சின் கார்கள் திணற, பின்லாந்துக்காரர் டிமோ மாக்கினன் இந்தப் பொம்மை போன்ற காரில் முதலாவதாக வந்தார். எஞ்சினின் எடை இழுக்கும் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்ததும், ஆணி பதித்த டயர்களும் அதற்குக் கைகொடுத்தன.

நமக்குப் பனி இல்லை. ஆனால் வழுக்கலுக்குக் குறைவில்லை. முதல் மழையின் முதல் அரை மணி நேரம் மோசம். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து நிற்கும். வயலிலிருந்து கேஜ் வீலோடு ஏறும் டிராக்டர் சாலையில் சேற்றைக் கொட்டிவிட்டுப் போகும். வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று கேழ்வரகுத் தாளையும் கொள்ளுச் செடியையும் தாரில் பரப்பியிருப்பார்கள். காய்ந்திருக்கும்போதே அது வழுக்கும். ஒரு தூறல் பட்டால் பனியேதான். அதன் மேல் பிரேக் போடக் கூடாது, ஸ்டீயரிங்கைத் திருப்பக் கூடாது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, நேராகக் கடந்துவிட வேண்டும்.

ஜமுனாமரத்தூருக்கு ஏறும்போது இன்னொன்று புரியும். மேட்டில் எடை பின்னால் சாய்வதால் முன் சக்கரம் லேசாகி, ஈர வளைவில் சுழலப் பார்க்கும். ஒரு கியர் உயர்த்தி, மெல்ல மிதித்தால் ஏறிவிடும். (பனி நாடுகளில் ஏற மறுக்கும் முன் சக்கரக் காரைத் திருப்பி, ரிவர்ஸில் ஏற்றும் பழைய வித்தை ஒன்று உண்டு. ஜவ்வாது மலையின் கொண்டை ஊசி வளைவில் யாரும் முயல வேண்டாம்.) இறங்கும்போது இரண்டாம் கியர் போதும், எஞ்சினே பிடித்துக்கொள்ளும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் அல்ல. அவசரத்தில் பிரேக் மிதிக்கும்போது பெடல் தடதடவென்று காலை உதைத்தால், அது ஏபிஎஸ் வேலை செய்யும் சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் ஸ்டீயரிங்கும் பேச்சைக் கேட்கும்.

எந்த டயரும் உதவாத இடம் ஒன்று உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையாரின் மலைச் சரிவே இடிந்து 7 உயிர்கள் போயின. பெங்களூருவிலிருந்து வருபவர்கள் கடக்கும் ஊத்தங்கரையில், நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டன. தென்பெண்ணையின் குறுக்கே அகரம்பள்ளிப்பட்டில் திறந்து 3 மாதமே ஆன பாலம் அடித்துச் செல்லப்பட்டது. ஓடும் தண்ணீர் ஓர் அடி உயரம் இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும். "முன்னால் போன வண்டி போயிடுச்சே" என்று தரைப்பாலத்தில் இறக்குவது தைரியம் அல்ல. அந்த வண்டி லாரியாக இருக்கலாம். அது போன பிறகு தண்ணீர் அரை அடி ஏறியிருக்கலாம்.

தீபத்தன்று எப்படியும் காரோடு ஊருக்குள் போக முடியாது. வெளியிலேயே தற்காலிக நிறுத்தங்களில் விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். அவற்றில் பல, மழை பெய்தால் சேறாகிவிடும் வெறும் நிலங்கள். முகப்பு சாலையைப் பார்க்கும்படி, கொஞ்சம் மேடான இடமாகப் பார்த்து நிறுத்துவது நல்லது. தீபம் பார்த்து, 14 கிலோமீட்டர் நடந்து, நடு இரவில் திரும்பி வரும்போது கார் சிக்கிக்கொண்டால் ஆக்ஸிலரேட்டரை உறும விடக் கூடாது. சக்கரம் தன் குழியைத் தானே தோண்டும். ஸ்டீயரிங்கை நேராக்கி, இரண்டாம் கியரில் மெல்ல எடுக்க வேண்டும். வரவில்லையா, முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆட்டிப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் காலடியில் கிடக்கும் ரப்பர் மேட்டை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் சொருகலாம். முன் சக்கரத்துக்கு. உதவிக்கு ஓடிவரும் நாலு பேரில் ஒருவராவது பின் சக்கரத்தில் வைக்கச் சொல்வார்.