ஒரு பாட்டில் ஒயினுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

நம்ம ஊர்ல அந்தக் கடைக்கு ஒயின் ஷாப்னு பேர் வச்ச புண்ணியவான் யாருங்க? புதுக்கோட்டையில பொறந்து வளர்ந்த எனக்கு ரொம்ப நாள் வரைக்கும் ஒயின்னாலே பிராந்திதான். 2003 நவம்பர்ல டாஸ்மாக்கே சில்லறை விற்பனையை எடுத்துக்கிட்ட பிறகும் ஜனங்க வாயில அந்தப் பேர் போகல. அங்க போய் நிஜமாவே ஒயின் கேட்டுப் பாருங்க, உங்களை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பாங்க :-)

இப்படிப்பட்ட ஊர்ல உக்காந்துக்கிட்டு நல்ல ஒயினுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்னு எழுதறது கொஞ்சம் ஓவர்தான். ஆனா இந்த விஷயத்துல நான் சூடுபட்ட பூனை. அதனால சொல்றேன், கேளுங்க.

எங்க சித்தப்பா இருபது வருஷத்துக்கு மேல சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலை பார்த்தவர். ஆலங்குடிப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர்னு சொன்னா மிகையில்லை. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் ஏர்போர்ட்ல அந்த ஒயின் அலமாரியைப் பார்த்துட்டே வருவாராம். "ஒரு தடவையாச்சும் குடிச்சுப் பாக்கணும்டா"ன்னு சொல்வாரு. வாங்கினதே இல்லை. அந்தக் காசுல தங்கச்சிக்கு ஒரு சேலை வாங்கலாமேன்னு தோணுமாம்.

அவர் ஊரோட வந்து செட்டிலான பிறகு என் மச்சினன் அதே சிங்கப்பூர்லேர்ந்து ஒரு பிரெஞ்சு சிவப்பு ஒயின் வாங்கிட்டு வந்தான். 120 வெள்ளி. கட்டட வேலை பார்க்கிற அவனுக்கு அது நாலு நாள் சம்பளம். பாட்டிலைக் கையில வாங்கினதும் எனக்கு பயம் வந்துடுச்சு. இவ்வளவு விலையுள்ளதை சும்மா ஒரு ஞாயித்துக்கிழமை திறக்கிறதா? நல்ல நாள் வரட்டும்னு பீரோ மேல ஏத்தி வச்சேன். சித்தப்பாவோட அறுபதாம் கல்யாணம் வந்துச்சு. திருக்கோகர்ணம் கோயில்ல விசேஷம், வீடு பூரா சொந்தக்காரங்க, அன்னைக்கு எப்படித் திறக்கிறது? தள்ளிப் போச்சு. அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு... நாலு சித்திரை வெயில் ஓடிப்போச்சு.

மீதியைக் கடைசியில சொல்றேன். முதல்ல கணக்கு.

இந்த ஒயின் விலை விவகாரம் நம்ம மாவட்டத்துக்குப் புதுசில்லை. 1898ல, புதுக்கோட்டை சமஸ்தானமா இருந்த காலத்துல, கருக்காக்குறிச்சியில 501 ரோமானியத் தங்கக் காசு கிடைச்சது. அதுல கடைசிக் காசுகள் வெஸ்பாசியன் காலத்தது. பெரும்பாலான காசுல ராஜா மூஞ்சியில உளிவெட்டு. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் அங்கேயிருந்து தங்கம் வந்தது, கூடவே ஒயினும் வந்தது. அந்த ஒயின் ஜாடிகளோட துண்டுகள் அரிக்கமேட்டுலயும் அழகன்குளத்துலயும் கிடைச்சிருக்கு. நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடின புறநானூறு 56ஆம் பாட்டுல யவனர் தேறல் வருது. அதாவது அப்பவே அது ராஜா வீட்டுச் சரக்கு!

வெஸ்பாசியன் செத்துப்போன அதே கி.பி. 79லதான் பாம்பேய் நகரத்தை எரிமலை மூடுச்சு. அங்க ஒரு மதுக்கடைச் சுவத்துல விலைப்பட்டியல் எழுதியிருந்தது தோண்டினப்ப கிடைச்சது. சாதா ஒயின் ஒரு ஆஸ். நல்லது ரெண்டு ஆஸ். ஆகச்சிறந்ததுன்னு பேர் வாங்கின ஃபலேர்னியன் நாலு ஆஸ். ஒரு தங்கக் காசுக்கு 400 ஆஸ். ஆக, நம்ம கருக்காக்குறிச்சிக் காசு ஒண்ணைக் கொடுத்தா 400 தடவை சாதா ஒயின், இல்லேன்னா 100 தடவை உசந்த ஒயின். சாதாவுக்கும் உசந்ததுக்கும் நாலே மடங்குதான் வித்தியாசம்!

இன்னைக்கு அந்த வித்தியாசம் நூறு மடங்கு, ஆயிரம் மடங்குன்னு போகுது. திராட்சை அவ்வளவு மாறிடுச்சா என்ன? அந்தப் பணம் போற இடமே வேற.

முதல்ல வரி. வெளிநாட்டு ஒயினுக்கு நம்ம நாட்டுல பல வருஷமா சுங்கம் 150 சதவீதம். 2022 டிசம்பர்ல அமலுக்கு வந்த ஆஸ்திரேலியா ஒப்பந்தத்துல, பாட்டில் 5 டாலருக்கு மேலன்னா 100, 15 டாலருக்கு மேலன்னா 75ன்னு ஆரம்பிச்சாங்க. இதுக்கு மேல மாநில வரி வேற. வரியை ருசிக்க முடியாதுங்க.

ரெண்டாவது, நம்ம மனசு. 2008ல கலிபோர்னியாவுல ஒரு பரிசோதனை பண்ணினாங்க. ஒரே ஒயினை ரெண்டு தடவை கொடுத்தாங்க, ஒரு தடவை 10 டாலர்னு சொல்லி, இன்னொரு தடவை 90 டாலர்னு சொல்லி. 90னு சொன்னப்ப நல்லாயிருக்குன்னு சொன்னாங்க. அது வெறும் வாய் வார்த்தை இல்லை, மூளையை ஸ்கேன் பண்ணினா சந்தோஷத்துக்கான இடம் நிஜமாவே கூடுதலா வேலை செஞ்சிருக்கு. விலைச்சீட்டைத்தான் குடிச்சிருக்காங்க!

அதுக்காக ஆக மலிவை வாங்குன்னு சொல்லல. மலிவு பாட்டில்ல கண்ணாடி, மூடி, லேபிள், வரி எல்லாம் போக உள்ள இருக்கிற சரக்குக்குன்னு மிஞ்சுற காசு ரொம்பக் கம்மி. பெங்களூர்ல நண்பன் வீட்டுல இருநூத்துச் சொச்ச ரூபாய் ஒயின் ஒண்ணு குடிச்சேன், அசல் இருமல் மருந்து. அடுத்து நந்தி மலைப் பக்கம் தயாரான எழுநூத்துச் சொச்ச ரூபாய் பாட்டில். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! அதுக்கு மேல அவன் திறந்த மூவாயிரம் ரூபாய் இத்தாலிக்கும் இதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நாங்க ரெண்டு பேரும் முழிச்ச முழி இருக்கே...

அதனால என் தீர்ப்பு, பாம்பேய் கணக்குதான். கடையில இருக்கிறதுலயே மலிவான பாட்டிலோட விலையில ரெண்டு மடங்கு, மூணு மடங்குல நல்ல ஒயின் கிடைச்சிடும். விசேஷம்னா நாலு மடங்கு. அதோட நிறுத்திக்குங்க. இன்னொரு எல்லைக்கோடும் உண்டு. உங்க ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டாதீங்க. தாண்டினா அதைத் திறக்க உங்களுக்கு மனசு வராது. திறக்க மனசு வராத ஒயின் எவ்வளவு உசத்தியா இருந்தும் பிரயோஜனமில்லை.

இப்ப பாட்டில் கதை. போன வருஷம் ஒரு சாயங்காலம் சித்தப்பா வந்தாரு. "இன்னைக்குத் திறந்துடலாம் சித்தப்பா"ன்னேன். சிரிச்சாரு. "கல்லீரல்ல பிரச்சினைன்னு டாக்டர் ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாதுன்னுட்டாருப்பா. நீ குடி, நான் மோந்து பாக்கறேன்"னாரு. தக்கையை எடுத்தேன். 13, 14 டிகிரி குளிர்ச்சியில படுக்க வைக்க வேண்டியதை, 40 டிகிரியைத் தொடுற ஊர்ல ஓட்டு வீட்டு பீரோ மேல நிக்க வச்சிருக்கேன். டம்ளர்ல ஊத்தினா பழுப்பு நிறம். வாசனை அச்சு அசல் ஊறுகாய் ஜாடி. அவர் மோந்து பார்த்துட்டு, "இதுக்காடா இத்தனை வருஷம் அண்ணாந்து பார்த்தேன்?"னு கேட்டாரு. அவர் சிரிச்சுட்டுத்தான் கேட்டாரு. எனக்குத்தான் சிரிப்பு வரல.

அன்னைக்கே, மச்சினன் கொண்டுவந்த அந்த ஞாயித்துக்கிழமையே, ஒரு கோழிக்குழம்பு வச்சுத் திறந்திருந்தா 120 வெள்ளியும் ஜீரணமாயிருக்கும். மச்சினனோட நாலு நாள் வேர்வை, வாசல் தென்னைக்கு அடியில போச்சு.

டிஸ்கி: குடிக்காதவங்க தயவுசெஞ்சு இப்படியே இருங்க. மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு. பீரோ மேல வச்சா மதுவுக்கும் கேடு!